ஆஃப்சைடுக்கு என்ன சொல்

எனக்கிருந்த ஸ்பானிஷ் முழுவதும்
பிற்பகல் மூன்று மணித் தொடர்களில் பொறுக்கியது.
துரோகம், உயில், இரட்டைச் சகோதரி.
'இந்தக் குழந்தை உன்னுடையது அல்ல' என்பதை
நான்கு விதமாகச் சொல்வேன்.
ஆஃப்சைடு யாரும் சொல்லித்தரவில்லை.

தொரொஹோயில் வேறு ஆள் கிடைக்காமல்
மருந்துக்கடைக்கே வந்து கேட்டார் கிளப் செயலாளர்.
இருமல் மருந்தை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

சுசாவா விமான நிலையத்தில்
எலிகியோ பரெய்ரோ இறங்கியபோது
மெல்லிய மேலங்கி, முழங்கால்வரை பனி.
எங்கள் மருத்துவரும் முழங்காலைத்தான் முதலில் பார்த்தார்,
முகத்தைப் பிறகு.

பராகுவே. பிலார் நகரம். வயது இருபத்தொன்பது. முன்கள வீரன்.
மெக்சிகோவில் இரண்டாம் பிரிவு,
இஸ்ரேலில் பதினான்கு வாரம்,
கிரீஸில் சம்பளம் வராத ஒரு வசந்தம்.
இவை அவன் சொன்னவை அல்ல,
ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் இருந்தவை.
சத்தமாக வாசித்துக் காட்டினேன்,
உயில் வாசிக்கும் வக்கீலின் குரலில்.

ஸ்மராந்தா என்ற என் பெயருக்கு முன்
ஓர் 'எ' சேர்த்துத்தான் அவனுக்கு வாய் வந்தது.
எஸ்மராந்தா.
முப்பத்தெட்டு வயதில்
யாரோ என்னை நாயகியாக்கினார்கள்.

"முதல் கம்பத்துக்கு ஓடச் சொல்!"
பயிற்சியாளர் கத்துகிறார்.
கம்பத்துக்குச் சொல் இல்லை என்னிடம்.
"அவள் அங்கே காத்திருக்கிறாள், ஓடு!" என்றேன்.
ஓடினான்.
தலையால் முட்டினான்.
வலை நனைந்த துணிபோல் உதறிற்று.
ஏப்ரல்வரை இதுதான் எங்கள் வியூகம்,
பயிற்சியாளருக்கு மட்டும் தெரியாது.

கோலைப் பார்க்க ஊரே வரும்.
பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்தது
பந்து வராத எண்பது நிமிடங்களை.
இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே
முதுகால் கதவு தட்டுகிறவன்போல் நிற்பான்.
ஒருவன் சட்டையைப் பிடித்திருப்பான்,
இன்னொருவன் அவன் தாயைப் பற்றி ஏதோ சொல்வான்.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

வெளியே மைனஸ் பன்னிரண்டு.
உடைமாற்றும் அறையில்
ஐஸ் போட்ட தெரெரேயை உறிஞ்சுவான்.
"ஜனவரியில் எங்கள் ஊர் நாற்பது டிகிரி" என்பான்,
நாக்கு இன்னும் அந்தக் காலண்டரில் இருக்கிறவனாக.
மகளிடம் போனில் பேசுவது குவாரனியில்.
அந்த மொழியில் எந்தத் தொடரும் எங்களுக்கு வந்ததில்லை.
பெனால்டியைத் தவறவிட்ட அன்றும்
அதில்தான் நீளமாக ஏதோ முணுமுணுத்தான்.
நிருபர்கள் என்னைப் பார்த்தார்கள்.
"ரசிகர்களுக்கு நன்றி சொல்கிறார்" என்றேன்.

மே மாதம், எண்பத்தெட்டாம் நிமிடம்,
இடது காலால் அவன் அடித்ததிலேயே அழகான கோல்.
கொடி உயர்ந்தது.
நடுவரிடம் போகாமல் நேரே என்னிடம் ஓடிவந்தான்:
"எஸ்மராந்தா, என்ன சொல்கிறார்கள்?"
தேடினேன். அத்தனை அத்தியாயங்களையும் புரட்டினேன்.
"நீ சீக்கிரம் வந்துவிட்டாயாம்."
மூச்சு வாங்க, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்:
"போன இடமெல்லாம் தாமதம் என்றுதானே சொன்னார்கள்."

பதினாறு ஆட்டம், மூன்று கோல்.
ஜூனில் ஒப்பந்த முறிவுக் கடிதத்தையும்
நான்தான் படித்துக் காட்டினேன். அதற்கு
எல்லாச் சொற்களும் கைவசம் இருந்தன.
அடுத்தது கஜகஸ்தான் என்றான்.
அங்கே என்ன மொழி என்று கேட்டான்.

பிறகொரு நாள் அகராதியில் பார்த்தேன்.
ஆஃப்சைடை அவர்கள் 'ஆட்டத்துக்கு வெளியே' என்கிறார்கள்.
அன்று அது வாயில் வராமல் போனதே.

நாளை ஒரு கொலம்பியாக்காரன் வருகிறான்.
கோப்பில் இடது கால் என்று போட்டிருக்கிறது.
கையோடு ஒரு தடித்த மேலங்கி கொண்டுபோக வேண்டும்.