பரணில் ஏறும்முன்

வாடகைக்கு விடும் மூன்று அறைக்கும் நடைக்கும் சேர்த்து
ஒரே பரண். மேலே சீமை ஓடு,
கீழே பனஞ்சட்டத்தில் பரப்பிய பலகை.
சி.எம்.சி.க்கு வந்தவர்கள் ஊர் திரும்பும்போது
"ஆறு மாசத்தில் செக்கப், வந்து எடுத்துக்கறோம்" என்று
விட்டுப்போனதெல்லாம் அங்கேதான்.
ஸ்டவ், பக்கெட், சுருட்டிய பாய், ஒரு வாக்கர்,
இங்கே ஆசையாய் வாங்கி
அகர்தலா ரயிலில் ஏற்ற முடியாமல் போன அம்மிக்கல்.

போன பங்குனியில் நடுப்பலகை
வயிறு தள்ளியது.
தினமும் அதற்கடியில் பெருக்குகிற நான் பார்க்கவில்லை.
பார்த்தவர், முதுகு ஆபரேஷன் முடிந்து
இரண்டாம் அறையில் மல்லாந்தே கிடந்த நிர்மல்பாபு.
"தீதி, உங்கள் வானம் இறங்கி வருகிறது" என்றார்
பாதி இந்தியில்,
மீதி கையால்.

சலவன்பேட்டை ஆசாரி ஏகாம்பரம் வந்து
சுத்தியல் பிடியால் சட்டத்தைத் தட்டிக் காதை வைத்தார்.
நாடி பார்ப்பவர்போல் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"கரையான் இல்லம்மா. நீதான்.
சுவர் தாங்கும், நடு தாங்காது.
கனமானதை ஓரத்துக்குத் தள்ளு,
கல்லைக் கீழே இறக்கு.
ஏழுக்குள் ஏறு. எட்டரைக்கு மேல்
அது பரண் இல்லை, செங்கல் சூளை."

மறுநாள் விடியலில் ஏணி சாத்தினேன்.
பிடிக்க ஆளில்லாமல் ஏறக் கூடாது,
என் வீட்டில் ஆளில்லை.
நிர்மல்பாபுவின் மனைவி ஷெஃபாலி
சேலையைச் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.
எங்களுக்குள் இருந்தது மொத்தம் இரண்டு சொல்.
நான் "பிடி" என்பேன்,
அவள் "தோரோ" என்பாள்,
ஏணி அசையவில்லை.

பலகையில் கால் வைக்காமல்
சட்டத்தின்மேல் மட்டும் முட்டி போட்டு நகர்ந்தேன்.
டார்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது
யாரோ விட்டுப்போன ஒரு டஜன் மெழுகுவத்தி.
யாரும் ஏற்றவில்லை.
வேலூரின் ஒரு கோடைக்கே
பன்னிரண்டும் கட்டிப்பிடித்து ஒன்றாகியிருந்தன,
திரிகள் மட்டும் தனித்தனியே.
எக்ஸ்ரே படங்கள் ஒட்டிக்கொண்டதில்
எவருடைய எலும்பு எவருடையதென்று தெரியவில்லை.
மாத்திரைகள் அட்டைக்குள் பழுத்திருந்தன.

வந்து போகிறவர்களைத் திட்டிக்கொண்டே தவழ்ந்தேன்.
இப்படியா குப்பையைச் சேர்ப்பார்கள், வீடா இது குடோனா என்று.
மூலையில் எலி கொறித்த ஒயர்,
செம்பு பல்லிளித்தது.
அதற்கு ஒரு சாண் தள்ளி
அரை டின் மண்ணெண்ணெய்.
டின்மேல் பெயின்டில் எழுதியிருந்தது
"கரண்ட் போனால்".
என் கையெழுத்து.

எத்தனை சித்திரை
இதற்குக் கீழே பாய் விரித்துத்
தையல் பிரிக்காத மனிதர்களைத் தூங்க வைத்திருக்கிறேன்.
கீழே இறங்கி மெயினை அணைத்தேன்.
பிறகுதான் கை நடுங்கியது.
ஷெஃபாலி ஏணியை விட்டுவிட்டு
என் கையைப் பிடித்தாள்.

அம்மிக்கல்லைக் கயிறு கட்டி இறக்கினோம்.
வாக்கர் நிர்மல்பாபுவுக்கு ஆகுமென்று நினைத்தேன்.
நாலு விரல் உயரம் அதிகம், பின் துருப்பிடித்து நகரவில்லை.
அவர் சுவரையே பிடித்து நடந்தார்.
பெட்டிகளில் எழுதியிருந்த எண்களுக்குப் போன் போட்டேன்.
இரண்டு உபயோகத்தில் இல்லை.
ஒன்றில் ஒரு குழந்தை எடுத்து
எனக்குப் புரியாததையெல்லாம் நெடுநேரம் சொன்னது.
அந்தப் பெட்டியை மட்டும் தூக்கிப்போட மனம் வரவில்லை.

ஒயர் மாற்றியாகிவிட்டது.
பலகையின் பழைய வளைவு போகாது என்கிறார் ஏகாம்பரம்.
சாக்பீஸால் ஓரத்தில் கோடு போட்டிருக்கிறேன்,
கோட்டுக்கு இந்தப் பக்கம் தலையணைகூடக் கிடையாது.

ஆனியில் அவர்கள் கிளம்பினார்கள்.
ஆட்டோ வாசலில் நிற்க
ஷெஃபாலி ஒரு மூட்டையை நீட்டி
மேலே கண் காட்டினாள்.
இனி யாருடையதும் ஏற்றுவதில்லை
என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
மூட்டையைத் தூக்கிப் பார்த்தேன்.
மூன்று கிலோ இருக்கும்.
சுவரோரம் வைக்கலாம்.