செவுளன்

தண்டையார்பேட்டையில் என் கட்டிலுக்குக் கீழே
இருநூற்றுப் பதினாறு பிரதிகள் கிடக்கின்றன.
'என் பிள்ளைகள்' என்று எழுதி, அடித்துவிட்டேன்.
விற்காத புத்தகம் விற்காத புத்தகம்தான்.

நாவல் பதினோராம் அத்தியாயத்தில் நிற்கிறது,
கொருக்குப்பேட்டை கேட்டில் மாட்டிய ஆட்டோ மாதிரி.
சரக்கு ரயில் முடிவதாக இல்லை.
உள்ளே என் கதாநாயகி
மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கட்டுரை நூலுக்கு எல்லாமே வேண்டும்:
தேதி, ஆழம், சொன்னவர் பெயர், அவர் தகப்பன் பெயர்,
தகவல் உரிமை மனுவுக்கு வந்த ஒற்றை வரி,
'கோரப்பட்ட விவரம் இவ்வலுவலகத்தில் இல்லை.'
எண்ணூர்க் கழிமுகத்தில் முழங்காலளவு சாம்பல் என்று எழுத
என் முழங்காலையே அளக்க வேண்டிவந்தது.
பதினெட்டரை அங்குலம். அடிக்குறிப்பில் இருக்கிறது.

இந்த இரண்டுக்கும் சோறு போடுவது
பிள்ளைகளுக்கான பூதங்கள்.
'பூதம் போட்டா ஓடுது மேடம்,
புள்ளிவிவரம் போட்டா படுத்துக்குது'
என்பார் அச்சகத்து தஸ்தகீர் பாய்,
பாக்கியை எனக்கு நினைவூட்டாமல் நினைவூட்டி.

விடியலில் பொய், பத்து மணிக்கு மேல் மெய்,
ஞாயிற்றுக்கிழமை இரண்டிலும் சேராத ஒன்று.
இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

நண்டு வரத்து குறைந்ததைக் குறித்துக்கொள்ள
தேசப்பன் படகில் ஏறினேன்.
எல்லாம் சொல்லிவிட்டு, துடுப்பை வைத்துவிட்டு,
'இன்னொண்ணு கீது, எழுதாதே' என்றார்.
'ராவு மூணு மணி. வலை கனமா வந்துச்சு.
மூச்சு வுட்டுச்சு. மீன் மூச்சு இல்ல, மன்சன் மூச்சும் இல்ல.
அத்துக்குனு போயி
சுடுதண்ணி ஊத்துற எடத்துல நின்னுக்கிச்சு.
குளுருச்சு போல.'

பேனாவை மூடினேன். காதை மூட முடியவில்லை.

கட்டுரை நூல் உதட்டைப் பிதுக்கியது:
ஒரே சாட்சி, இருட்டு, மூன்று மணி.
நாவலில் விட்டுப் பார்த்தேன்.
உடனே அது எதையாவது குறிக்க ஆரம்பித்தது,
முதலாளியத்தை, மரணத்தை, என் அப்பாவை.
அது எதற்கும் குறியீடாக நிற்கவில்லையே,
வெந்நீரில் அல்லவா நின்றது.

எழுதாதே என்றார். வரைந்தேன்.
நீல உடம்பு, ஒன்பது விரல், கொஞ்சம் சிரிப்பு.
செவுளன் என்று பெயர்.

எர்ணாவூர்ப் பள்ளியில் மாதிரிப் பிரதியை விரித்தபோது
கடைசி வரிசையிலிருந்து பெனினா எழுந்து வந்தாள்,
நாலாம் வகுப்பு, ஒரு கால் கொலுசு காணோம்.
'மிஸ், இது எங்க இருக்குது?'
'நம்ம கழிமுகத்துல.'
'அப்ப நீலமா இருக்காது.'
கறுப்பு க்ரேயானை எடுத்தாள்.
தலையிலிருந்து தொடங்கி, அழுத்தி, அழுத்தி,
க்ரேயான் உடைந்தபின் உடைந்த துண்டால்.
கண்ணை மட்டும் விட்டுவைத்தாள்.
'சிரிக்காது மிஸ். வாயத் தொறந்தா
எண்ணெ உள்ள பூடும்.'

எந்தப் பிள்ளையும் பயப்படவில்லை.
ஒருவன், அதை யார் குளிப்பாட்டுவார்கள் என்று கேட்டான்.
ஒருத்தி, மண்ணெண்ணெய் போட்டால் போகும்,
ஆனால் எரியும் என்றாள், அனுபவத்தோடு.

அன்று இரவு கட்டுரைக் கோப்பைத் திறந்து
அடிக்குறிப்பு நூற்றுப் பதினான்கு என்று தட்டினேன்.
தகவல்: பெனினா, வயது ஒன்பது.
அழித்தேன்.
மறுபடி தட்டினேன்.
தேசப்பன் பெயரை மட்டும் எங்கும் போடவில்லை.

பாய்க்கு போன் செய்து நீலம் வேண்டாம் என்றேன்.
'கறுப்பா? ஒரே கலரு, உங்களுக்குத்தான் மிச்சம்.
ஆனா பக்கம் பூரா மையி, சீக்கிரம் காயாது.
புள்ளைங்க கையில ஒட்டும், பரவால்லியா?'

ஒட்டட்டும் பாய்.

'எத்தினி காப்பி?'

குனிந்து கட்டிலுக்குக் கீழே கைவிட்டுப் பார்க்கிறேன்.
சுவரோரமாக
இன்னும் ஒரு முழம் இடம் இருக்கிறது.