வக்கீலின் மனு

செவ்வாய்ப்பேட்டையில் கிலோ கணக்கில் எடைபோட்டு வாங்கிய
இரும்பு வலைச் சுருள்
இருபது கொண்டை ஊசி வளைவும்
கடைசி சீட்டில் என் தோளில் சாய்ந்தே வந்தது.
அதற்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார் கண்டக்டர்.
கோழி வளக்கறீங்களா டீச்சர்?
நாய்க்கு.
உள்ள வராம இருக்கவா?
வெளிய போகாம இருக்க.
விசிலை வாயில் வைத்தவர்
ஊதாமல் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

இரண்டு பேர்.
வக்கீலுக்குக் கழுத்தில் வெள்ளைப் பட்டை,
எதைச் சொன்னாலும் மறுத்துச் சொல்ல ஒன்று வைத்திருப்பார்.
ஜாமூனுக்குச் சொந்த யோசனை கிடையாது,
வக்கீல் போகிற ஓட்டையில்
பாதி நுழைந்து சிக்கிக்கொள்வாள்.

முதலில் அடியில் போனார்கள்.
கல் வைத்தேன்.
கல்லுக்குப் பக்கத்தில் போனார்கள்.
சின்னாண்டி வந்து
வலையின் கீழ்முனையை உள்பக்கம் மடித்து
ஒரு முழம் மண்ணுக்குள் படுக்க வைத்துப் புதைத்தான்.
அன்றைக்கே மேலே போனார்கள்:
காப்பித் தொலி மக்கட்டும் என்று குவித்திருந்தேன்
வேலியோரமாக,
ஏணி மாதிரி.
குவியலை இடம் மாற்றினேன்.
கேட்டின் கொக்கியை மூக்கால் தூக்கினார் வக்கீல்.
பூட்டு வாங்கினேன்.
சாவி தொலைந்த காலையில்
பால் சொம்போடு நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு
நானே ஏறிக் குதித்தேன்.
இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து
எந்தக் கம்பியில் கால் வைக்கிறேன் என்று பார்த்துக்கொண்டார்கள்.

கட்டிப் போடுங்க என்றார் எஸ்டேட் மேஸ்திரி டொமினிக்.
அரை நாள் கட்டினேன்.
சிமென்ட் தரையில் சங்கிலி இழுபடும் சத்தம்
என் பல்லில் கேட்டது.

மூன்றாவதாக ஒருவன் இருந்தான்.
பெயரைச் சொல்ல மாட்டேன்,
சொன்னால் ஜாமூன் இன்னும் கேட்டைப் பார்க்கிறாள்.
மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் வரிசைக்கு அந்தப் பக்கம்
பன்றிக்கு யாரோ வைத்த சுருக்கு.
சைக்கிள் பிரேக் கம்பி.
இரண்டு நாள் கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன்.
கூப்பிடு தூரத்தில்தான் இருந்திருக்கிறான்.
மூடுபனியில் இந்த மலையில்
குரல் எந்தப் பக்கம் போகிறது என்று
கூப்பிடுகிறவளுக்கே தெரிவதில்லை.

அதனால்தான் வலை.

மார்கழியில் ஒரு ராத்திரி காட்டுமாடு வந்தது.
வேலி என்று ஒன்று இருப்பதே
அதற்குத் தெரிந்த மாதிரி இல்லை.
சௌசௌ பந்தல்வரை நடந்து வந்தது,
தின்றது, நடந்து போனது.
விடிந்து பார்த்தால்
நாலு தூணும் என் ஒன்றரை மாதச் சம்பளமும்
தரையில் படுத்திருக்கின்றன,
லாரி நுழையும் அகலத்துக்கு.

செருப்பில்லாமல் ஓடினேன்,
மூச்சுப் பிடித்து, பெயர் சொல்லி.

அந்தத் திறப்புக்கு நேரே
உட்கார்ந்திருந்தார்கள் இருவரும்,
எனக்கு முதுகைக் காட்டி.
குளம்புத் தடம் ஒவ்வொன்றிலும் தண்ணீர் கட்டியிருந்தது.
வேலி இருந்த கோட்டுக்கு இந்தப் பக்கம்
எட்டு கால்கள்.
ஒரு விரல் தாண்டவில்லை.

சின்னாண்டிக்கு ஒழிய மூன்று நாள் ஆயிற்று.
மூன்று நாளும் படுத்த வலையை மிதித்து
நான் பள்ளிக்கூடம் போனேன், வந்தேன்.
அவர்கள் போகவில்லை.
தபால்காரரைக்கூட விடவில்லை.
ராத்திரி சோற்றை அங்கேயே கொண்டுவைத்தேன்,
பனியில் நனைந்துகொண்டே தின்றார்கள்,
ஆள் மாற்றி ஆள்.

நாலாம் நாள் தூண் நட்டு, வலையை இழுத்து,
கடைசிக் கம்பியைக் குறடால் முறுக்கி
சின்னாண்டி கையைத் துடைக்கவில்லை,
கிணற்றடிப் பக்கம்
சரக் சரக்கென்று மண் பறக்கிற சத்தம்.

வக்கீலின் பின்பாதி மட்டும் தெரிகிறது.
பக்கத்தில் ஜாமூன், மூக்கெல்லாம் செம்மண்,
தன் முறைக்குக் காத்து.

கல்லு எடுத்தாரட்டுங்களா என்கிறான்.
பெரிசா பாத்து எடு என்கிறேன்.
வாலைப் பார்த்தபடியே
செருப்பைத் தேடுகிறது என் கால்.