மீதி

ஜெலுத்தோங் தேவாலயக் கூடம்.
மூன்றாம் நாள் பயிற்சி.
"பள்ளித் தலைமைக்கு ஏழு படிகள்":
நான்காவதில் நிற்கிறேன், மைக்கோடு.

தகரத்தில் இறங்கியது
பினாங்கு மழை.
என் வாய் அசைவது மட்டும்
எல்லோருக்கும் தெரிந்தது.

மலாவித் தலைமையாசிரியை
திருமதி நியாசுலு எழுந்து வந்தார்.
என் கைப் பேனாவை வாங்கி
வெண்பலகையில் எழுதினார்
ஒரு நீள் வகுத்தல்.
முப்பது பேரும் குனிந்து போட்டார்கள்.

மழை விட்டதும் சொன்னார்:
"எங்களுக்கும் இதே கூரைதான்.
கொட்ட ஆரம்பித்தால்
வேதபாடத்தை நிறுத்திக்
கணக்கைத் தொடங்கச் சொல்வேன்.
கணக்குக்குக் காது வேண்டாம்."

உகாண்டா பாதிரியாருக்கு
மீதி இரண்டு வந்தது;
அழித்து மறுபடி போட்டார்.

எனக்கு மீதி மூன்று.
அந்தப் படிகளை
அன்று யாரும் கேட்கவில்லை.