கொஞ்சம் ஏறின ஜி

சோமனூர் மண்டபம், மத்தியானம் மூன்றரை.
நாற்காலிகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.
மேடை ஓரத்தில் குத்தவைத்து
என் பலகையை விரிக்கிறேன்.

கழித்துப் போட்ட தறியின் கட்டைதான் பலகை.
அதன்மேல் நான்கு பெட்டிகள்.
முதலில் ட்யூனர். அதற்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது,
கலப்படமில்லாத தந்தியைத்தான் அது நம்பும்.
அப்புறம் கம்ப்ரசர், அப்புறம் டிரைவ்,
கடைசியில் டிலே.

ட்யூனருக்கு முப்பது மில்லி ஆம்பியர் போதும்.
கம்ப்ரசர் பத்தில் அடங்கிக்கொள்ளும்.
டிலே மட்டும் முந்நூறு கேட்கும்,
சம்பந்தி வீட்டுச் சித்தப்பா மாதிரி.
கூட்டிப் பார்த்துத்தான் அடாப்டர் வாங்கினேன்:
ஒன்பது வோல்ட், நடுவில் மைனஸ், சுற்றிலும் பிளஸ்.
இதைப் படிக்காமல் போன வருஷம்
வைஃபை பெட்டியின் அடாப்டரைச் செருகி
ஒரு கோரஸைக் கொன்றேன்.
சத்தமே போடவில்லை.
கருகின மீன் வாடை, அவ்வளவுதான்.

ஒரு வயர், நான்கு வாய்.
தனித்தனி வாசல் வைத்த சப்ளையை
தீபாவளி போனசுக்கு எழுதி வைத்திருக்கிறேன்,
மூன்று தீபாவளியாக.

ஸ்விட்சைத் தட்டினேன்.
ம்ம்ம்ம்ம்ம் என்றது ஆம்ப்.

"ஏனுங் மெல்வின், தேன்கூட்டையா கொண்டாந்தீங்க?"
பூங்கோதை சிரித்து முடிப்பதற்குள்
மைக் அவள் உதட்டைக் கடித்தது.

டிலேயைக் கழற்றினேன்.
டிக்டிக் என்ற ஒரு சில்லறைச் சத்தம் போனது, ம்ம்ம் போகவில்லை.
மல்டிமீட்டரிலிருந்து பேட்டரியைப் பிடுங்கி
ட்யூனருக்கு மாட்டினேன்.
அப்போதும் ம்ம்ம்.
தந்தியில் கை வைத்தால் அடங்குகிறது,
எடுத்தால் எழுந்துகொள்கிறது,
தொட்டில் பிள்ளை.

யாரும் வாசிக்கவில்லை.
ட்யூனரில் ஓர் எழுத்து எரிந்தது: ஜி.
முள் நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம்.
கொஞ்சம் ஏறின ஜி.

இந்த ஊரே அதில்தான் ஓடுகிறது.
பின்தெருவின் ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட்,
மாவரைக்கும் கிரைண்டர்,
மணவறைக்குப் போட்ட சீரியல் செட்,
எல்லாம் ஒரே ஸ்வரம், ஒருவரை ஒருவர் கேட்காமலே.

வாரம் ஆறு நாள் தறி ஷெட்டில் எர்த் பார்க்கிறவன் நான்.
சித்திரையில் மோட்டார் கையைக் கிள்ளினால்
"குழிக்குத் தண்ணி விட்டீங்ளா?" என்று
முதலாளியையே கேட்கிறவன்.
கிட்டாரைத் தோளில் மாட்டினதும்
அந்தக் கேள்வியைக் கழற்றி வைத்துவிட்டேன் போல.

மண்டபத்தின் பின்னால்,
அண்டா கழுவும் இடத்துக்கு அப்பால்,
சிமெண்ட் மூடியைத் தூக்கினேன். பல்லி ஓடியது.
மண் வறுத்த ரவையாய் உதிர்ந்தது.

சமையல்காரரிடம் கல்லுப்பு கேட்டேன்.
"பாட்டுக்காரருக்கு எதுக்குங் உப்பு?"
"குழிக்குங்."
அவர் மேற்கொண்டு கேட்கவில்லை,
இரண்டு கை அள்ளித் தந்தார்.
நான்கு குடம் ஊற்றினேன்.
முதல் குடம் போன இடம் தெரியவில்லை.
நான்காவது கொஞ்சம் நின்று யோசித்து இறங்கியது.

"அடங்கிருச்சுங்!" உள்ளேயிருந்து கௌதமன்.

முழுசாக இல்லை.
ட்யூனரில் ஜி வந்து வந்து போனது.
பூங்கோதை மைக்கைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள்,
பால் சூடு பார்க்கிற மாதிரி.
அப்புறம்தான் உதடு.

தடித்த தந்தியில் மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தினேன்.
ட்யூனர் பச்சை காட்டியது.
என் ஜி நாற்பத்தொன்பது,
ஊருடையது ஐம்பது.
இரண்டும் உரசும் இடத்தில்
வினாடிக்கு ஒரு தரம் ஒலி வீங்கி வற்றியது.
தந்தியை ஏற்றி ஊரோடு சேர்த்துவிடலாம்தான்.
கீபோர்டு ஒத்துக்கொள்ளாது.

நான்கு வீக்கம் எண்ணி
கௌதமனுக்குத் தலையசைத்தேன்.
நிமிஷத்துக்கு அறுபது,
முதல் பாட்டுக்கு ரொம்ப மெதுவு.
பரவாயில்லை,
பெண் வீட்டு வேன் இன்னும் கருமத்தம்பட்டி தாண்டவில்லை.