மூன்று மில்லிமீட்டர்

புசான், ஸொம்யோன், நான்காவது தெரு.
எட்டு மாடிக் கட்டடம்; எட்டு மாடியிலும்
மூக்கு, தாடை, கண்.
ஆறாவது மாடியில்
கடைக்கண் திறக்கும் கடை ஒன்று இருந்தது.
யோம் ஸு-வா அங்கே போனபோது வயது இருபத்திரண்டு.
அங்காடிக் கல்லாவில் நின்றே சேர்த்த பணம்
வங்கி உறைக்குள்.

மூன்று மில்லிமீட்டர்.
ஒரு அரிசியில் பாதி.
அவ்வளவுதான் வெட்டினார்கள்.

கண் அகன்றது. வேலையும் கிடைத்தது.
பழைய படங்களைக்
கைப்பேசியில் ஒவ்வொன்றாக அழித்தாள்.
அம்மாவின் ஆல்பத்தில் தன் தலையை மட்டும்
நகம் வெட்டும் கத்தரியால்.

பதினொரு வருடம்.
குளிர்காலத்தில் கடற்காற்று
முதலில் கண்டுபிடிப்பது அந்த மூலையைத்தான்.
அழாமலே வழிகிறது.
பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரி
காகிதக் கைக்குட்டை நீட்டினாள்:
"விட்டுத் தள்ளும்மா, அவன் கெடக்கான்."
உறங்கும்போதும் மூடாமல்
நூலளவு வெளிச்சம்.

இப்போது அதை மூட வேண்டும்.
புது மருத்துவர் சொக் பழைய படம் கேட்டார்.
எங்கே முடிந்திருந்தது என்று தெரியாமல்
எங்கே தைப்பது?
ஆறாவது மாடிக்குப் போய்ப் பார்த்தாள்.
அங்கே இப்போது
நாய்களுக்கு முடி வெட்டுகிறார்கள்.

ஆக, தம்பி.
மீன் லாரி ஓட்டும் கி-தெக்
ஜகல்ச்சி சந்தையிலிருந்து ரப்பர் பூட்ஸோடே வந்தான்.
வரவேற்பறையில் எல்லோரும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.
நாற்காலியில் சாய்த்து,
எஃகு அளவுகோலை அவன் கண்ணோரம் வைத்தார் சொக்.
"சிமிட்டாதீங்க."
சிமிட்டினான்.
"பழைய கண் இவர்கிட்ட இருக்கு" என்றார் நர்ஸிடம்,
வில்லங்கம் பார்த்து முடித்தவர் போல.
"எழுதிக்கோ, இருபத்தாறு புள்ளி ஐந்து."

சற்றே சரிந்து, கீழிறங்கி,
எதையோ நம்பாதது போல் நிற்கும் அந்த மூலை.
இதையா,
அறுவடை நாள் விருந்துகளில் எல்லாம்
எதிரே வைத்துக்கொண்டு
குனிந்தே சாப்பிட்டேன்?

"முழுசா திரும்பாது. இரண்டு மில்லிமீட்டர் வரலாம்."
"மீதி ஒண்ணு?"
தராசு பிடிக்கிறவனின் குரலில் தம்பி கேட்டான்.
சொக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

லிஃப்ட் கண்ணாடியில்
தன் கண்ணை ஒட்டிப் போய்ப் பார்த்தான்.
"இருபத்தாறு புள்ளி ஐந்து" என்றான்,
"இத்தனை நாள் தெரியவே தெரியாது."

வெளியே லாரியிலிருந்து
பனிக்கட்டி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.
காற்று அடித்ததும்
அவளுக்கு வலது கண் வழிந்தது.
துடைக்கக் கை நீட்டியவன்
விரலை ஒருமுறை முகர்ந்துவிட்டு
பைக்குள் விட்டுக்கொண்டான்.