பன்னிரண்டாவது குழாய்

சிவாஜிநகர் நயாஸ் கடையில்
ஒரு டஜன் ஆட்டுச் சிறுநீரகம்.
"குழாயை அறுத்துடாதீங்க" என்பேன்.
"அதுல என்ன குழம்பு வைப்பீங்க?"
என்பார், செவ்வாய்தோறும்.

பீன்யா லேபில் தெர்மோகோல் பெட்டியைத் திறக்கிறேன்.
ரோபோ மெல்லிய குழலை உள்ளே நுழைக்கிறது;
நான் ஆறடி தள்ளி, கைப்பிடியோடு.

நேற்றுவரை இது ஊமைக் கைப்பிடி.
திரையில் சுவர் வெளுத்தால்
அழுத்திவிட்டோமென்று கண்தான் சொல்லும்.
கிழிந்தபின் எல்லோரும் சொல்வார்கள்.

இன்று ஒரு சின்ன மோட்டார்
எதிர்த்துத் தள்ளுகிறது,
நெரிசல் பஸ்ஸில்
முன்னால் நிற்பவரின் முதுகுபோல.

டாக்டர் பெள்ளியப்பா பிடித்துப் பார்த்தார்.
"ரொம்பப் பயப்படுதும்மா உன் மெஷின்.
கல் இருக்கிற இடத்துக்கே போகவிட மாட்டேங்குது."

எண்ணைத் தளர்த்தினேன்.
ஒரு புள்ளி.
அவர் பார்வைக்காக இன்னொரு புள்ளி.

பதினோராவது குழாய் கிழிந்தது.
கைப்பிடி அதையும் சொன்னது:
இருட்டில் இறங்கும்போது
கால் தேடிய இடத்தில்
படி இல்லை.

அவர் கையை எடுத்து
கோட்டில் துடைத்துக்கொண்டார்,
ஈரமே இல்லாத கையை.

பன்னிரண்டாவதைப் பொருத்தினேன்.
ஒரு புள்ளி பின்னால் வைத்தேன்.
முதுகு திரும்பி வந்தது.
"இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

அறிக்கையில் எண் மட்டும் போகும்.
படிக்கு அதில் கட்டம் இல்லை.